முதல் பிள்ளை சுகமாகப் பிறந்தாலும் போட வேண்டிய ஊசி



அவசரமாக ரத்தம் தேவை என்று நம் அறக்கட்டளைக்கு அழைப்பு வரும்போது, நெகட்டிவ் வகை என்றால் கொடையாளரைத் தேடுவது சிரமமாகிவிடுகிறது. நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர்தான் நெகட்டிவ் வகையினர். அவர்களில் ஒருவர் கர்ப்பிணியாக இருந்தால், வயிற்றில் வளரும் குழந்தைக்காகவும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அதை இங்கே அறிந்துகொள்வோம்.

ஏ, பி, ஏபி, ஓ என்பவற்றோடு சேர்த்துச் சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது ஆர்எச் காரணியைக் குறிக்கும். ரத்தச் சிவப்பணுக்களின் மேல் 'டி' என்னும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இது நோயல்ல, குறையும் அல்ல. இதைக் காரணம் காட்டி ஒரு சம்பந்தத்தை மறுக்கத் தேவையில்லை.

தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுவதால் பெரும்பாலும் அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் எதிர்ப்புப் பொருள் தாயின் உடலில் தங்கிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அது நஞ்சு வழியாகச் சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகை, மஞ்சள்காமாலை, மூளை பாதிப்பு, சில வேளைகளில் வயிற்றிலேயே மரணம் வரை இது கொண்டுபோய் விடும்.

"மூத்தது நல்லாத்தானே பிறந்தது" என்ற எண்ணமே இங்கு நம்மை ஏமாற்றுகிறது. அடுத்தடுத்த குழந்தைகள் தங்காதபோது கண்ணேறு என்றும், மருமகளின் ராசி என்றும் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி 1968 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒரு முறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்திற்குள் மறுபடியும் போடுவார்கள். கொடையாளர்கள் தரும் பிளாஸ்மாவிலிருந்து இது தயாராகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் தம் வாழ்நாளில் 1,173 முறை தானம் செய்தார். யாரென்றே தெரியாத தாய்மார்களுக்காக ஒருவர் செய்த தர்மம் அது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

1. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து ரத்த வகையைப் பாருங்கள். மனைவி நெகட்டிவ் என்றால் கணவரும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே பரிசோதித்து முடிவை அனுப்பலாம். இருவரும் நெகட்டிவ் என்றால் இந்தக் கவலை இல்லை.

2. எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்பதைக் கூம்ப்ஸ் பரிசோதனை காட்டும். உருவான பிறகு ஊசி பயன் தராது. அப்போதும் நம்பிக்கை இழக்க வேண்டாம்; பெரிய மருத்துவமனைகளில் தொடர்ந்து கண்காணித்து, தேவைப்பட்டால் வயிற்றிலுள்ள குழந்தைக்கே ரத்தம் ஏற்றுகிறார்கள்.

3. கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் கரு தங்குதல், கர்ப்பகால ரத்தப்போக்கு, வயிற்றில் அடிபடுதல் இவற்றிலும் ரத்தம் கலக்கலாம். வெட்கப்பட்டு வீட்டிலேயே மறைத்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் போய்க் கேளுங்கள்.

4. தலைப்பிரசவம் தாய்வீட்டில், அடுத்தது வேறு ஊரில் என்பது நம் வழக்கம். ஊசி போட்ட தேதியை தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெண்மக்களின் ரத்த வகை என்னவென்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள்.