தொடாமலே அசைக்கும் காந்தம்

"தொடாம எப்படிடா அசையும்?" எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னிடம், தொண்டூரில் அப்பா கேட்டது. நியாயமான கேள்விதான்.

1959-ல் அகரனோவ், போம் இருவரும் சொன்னது இது: நீண்ட காயிலுக்கு உள்ளேதான் காந்தப்புலம், வெளியே இல்லை. எலக்ட்ரான் அலை பிரிந்து, காயிலின் இருபுறமும் வெளியிலேயே போய்ச் சேருது. அப்படியும் அலைக்கட்டம் மாறி, குறுக்கீட்டு வரிகள் நகருது! புலம் இல்லாத இடத்திலும் வெக்டார் பொட்டன்ஷியல் இருக்கே. வெறும் கணக்குக்கு என்று ஒதுக்கி வைத்த சங்கதி அது. நம்ம ராஜகிரியை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிய இருவர், மலையேறாமலே அடி தப்பிச் சந்திப்பது மாதிரி.

"புலம் கசிந்திருக்கும்" என்றார்கள் சிலர். 1986-ல் ஜப்பானில் டோனோமுரா குழு, வளையக் காந்தத்தை மீகடத்தியால் மூடிக் கசிவை அடைத்தது. கட்டமாற்றம் போகவில்லை.

1956-ல் பெங்களூரில் பஞ்சரத்தினம் ஒளியில் கண்ட கட்டமாற்றமும் இதற்குப் பங்காளிதான். அப்போ அவருக்கு வயசு 22.