அரசுப் பணியும் தனிமனிதக் கடனும்

இஸ்ரோவின் தலைமையகமும் டி.ஆர்.டி.ஓ.வின் பல ஆய்வகங்களும் பெங்களூருவில் அமைந்துள்ளன. இத்தகைய நிறுவனங்களில் ரகசியக் கோப்புகளைக் கையாளும் பொறுப்பில் இருப்போர்க்கும், அப்பொறுப்பை எதிர்நோக்குவோர்க்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பு: சொந்தக் கடன் பணிக்கு இடையூறாகுமா? விடையை இங்கு ஆராய்வோம்.

கடன் நெருக்கடியில் சிக்கியவரைப் பணத்தாசை காட்டி வயப்படுத்துதல் எளிது என்பதே அரசுகளின் அச்சம். அமெரிக்காவில் 2017 முதல் நடப்பிலுள்ள நெறிமுறை, ரகசிய அனுமதிக்கு முன் ஆராய வேண்டிய 13 கூறுகளுள் ஒன்றாக நிதிநிலையை வைத்துள்ளது. அங்கும் கடன் தொகை மட்டுமே முடிவு செய்வதில்லை. வேலையிழப்பு, மருத்துவச் செலவு போன்ற காரணங்களும், அடைக்க எடுத்த முயற்சிகளும் கருதப்படுகின்றன.

நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்க்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பொருந்தும். அவற்றுள் இரண்டை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

விதி 16: தம் அதிகார எல்லைக்குள் இருப்பவரிடமோ, அலுவல் தொடர்பு நேரக்கூடியவரிடமோ கடன் வாங்கலாகாது. வங்கியில் வழக்கமான முறையில் பெறும் கடனுக்குத் தடையில்லை. ஒப்பந்ததாரர் ஒருவர் அன்போடு நீட்டும் கைமாற்று, வங்கிக் கடனைவிட ஆபத்தானது.

விதி 17: ஊழியர் ஓயாத கடனாளியாகவோ நொடித்தவராகவோ ஆகாதவாறு தம் சொந்த அலுவல்களை நடத்த வேண்டும். கடன் வசூலுக்காக வழக்குத் தொடரப்பட்டால், முழு விவரத்தையும் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டி அறியவோ தடுக்கவோ இயலாத சூழலால் கடன் நேர்ந்தது, ஊதாரித்தனத்தால் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பொறியாளர் இருவர்க்குத் தலா 6 லட்சம் ரூபாய் நிலுவை. இருவர் மீதும் வசூல் வழக்கு. ஒருவர் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்குக் கடன் பெற்றார். மருத்துவமனை ரசீதுகளை வைத்துள்ளார். வழக்கைத் தம் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்தார். மற்றவர் கிரெடிட் கார்டுகளில் செலவிட்டு, அழைப்பாணையையும் மறைத்தார். தொகை ஒன்றே, இருவர் நிலையும் வேறு.

பணியில் சேர்வதற்கு முன்பும் கடன் வரலாறு குறுக்கிடக்கூடும். தவணை தவறிய வரலாற்றைக் காட்டிப் பொதுத்துறை வங்கியொன்று பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை:

1. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெற்றுப் பார்த்தல். பிழையிருப்பின் முறையிடலாம், 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உரிமையுண்டு.

2. பிறர்க்குப் பிணை நின்ற கடன்களையும் கவனித்தல். அவர் தவறினால் கடன் நம் பொறுப்பாகும்.

3. நிலுவையைக் குறைத்துப் பேசி முடித்த கடன், முழுமையாக அடைத்த கடனாகப் பதிவாகாது. இயன்றவரை முழுவதும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்றிதழ் பெறுதல்.

4. தவணை கட்ட இயலாத நிலை தோன்றியதுமே கிளை மேலாளரை அணுகுதல். தவணைக் காலத்தை நீட்டிக்க வழியுண்டா என அப்போதே ஆராயலாம். வழக்கு வந்த பின் வாய்ப்புகள் குறுகும்.

எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் தத்தம் நிறுவனத்தின் நடத்தை விதிகளைப் படித்துக்கொள்வது நலம். கடன் வாங்குவது இழுக்கன்று. காரணத்தைக் காட்டும் தாள்களும், தவறாத தவணையும், காலத்தில் சொல்லும் நேர்மையுமே நம் பணியைக் காக்கும்.