காயம் ஆறியும் பயம் ஆறவில்லையா?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஸ்கூட்டர் விபத்து நடந்து ஆறு மாதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கை கூடிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. நடு ராத்திரியில் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறார். ‘எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு அதையே நினைச்சுக்கிட்டு?’ என்று சலித்துக்கொள்கிறீர்கள்.

பாவம், அவர் வேண்டுமென்றா நினைக்கிறார்? சிலருக்கு நடந்து முடிந்த சம்பவம் பழைய நினைவாக ஒதுங்காமல், இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதத்துக்கு மேலும் இது நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் சிகிச்சை தேவை.

அதில் ஒன்றுதான் கண் அசைவு சிகிச்சை. ‘இ.எம்.டி.ஆர்.’ என்பார்கள். 1987-ல் ஃபிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடந்தபோது, கண்கள் இங்குமங்கும் அசைந்ததும் தன்னை வாட்டிய எண்ணங்களின் வேகம் குறைந்ததாக உணர்ந்தார். அதை வைத்தே இந்த முறையை உருவாக்கினார்.

என்ன செய்வார்கள்? எடுத்தவுடனே விரலை ஆட்ட மாட்டார்கள். முதலில் உங்களைப் பற்றி விசாரித்து, மனதை அமைதிப்படுத்தப் பழக்குவார்கள். பிறகு, மிகவும் வதைக்கிற காட்சியை நினைத்துக்கொண்டு, ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு கஷ்டமா இருக்கு?’ என்று மார்க் போடச் சொல்வார்கள். சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாகப் போக, நீங்கள் தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். சற்று நிறுத்தி, ‘இப்போ என்ன தோணுது?’ என்று கேட்பார். மறுபடியும் விரல். மார்க் இறங்கும்வரை இப்படியே. ஒரு தடவைக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பல தடவை போகவேண்டியிருக்கும்.

நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே சொல்லக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்!

மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது நினைவின் உக்கிரம் தணிகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு அவசியம்தானா என்ற விவாதமும் உண்டு. ஆனாலும் சிகிச்சைக்குப் பலன் இருப்பதால், 2013-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. நினைவு அழிந்துவிடாது, அதன் வேதனைதான் குறையும்.

கண்ணாடி முன் நின்று நீங்களே செய்து பார்க்காதீர்கள். பாதியில் வேதனை பொங்கினால் சமாளிக்க, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும். வலிப்போ கண் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையா? அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் கேட்கலாம்.

அதுவரை, ‘மறந்துடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவரால் முடிந்தால் எப்போதோ மறந்திருப்பாரே!