குளிக்கும் தொட்டிக்கு வேஸ்ட் பூட்டும் முறை



தொட்டி அடியில் கசிந்தால் நம் மலைநாட்டில் சீக்கிரம் தெரிந்துவிடும். லயத்துச் சுவரில் ஈரம் ஏறும், பாசி பிடிக்கும். புத்தளம் கரையோரத்தில் அப்படி இல்லை. மணல் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். மேலே காய்ந்து கிடக்கும், கீழே கசிவு நடந்துகொண்டே இருக்கும். தொழிலுக்கும் கலியாணம் கட்டியும் அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று, அந்த மண்ணை வைத்தே இம்முறை சொல்கிறோம்.

கற்பிட்டிக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. நல்ல தண்ணீர் மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கிறது. கிணறு எடுப்பது அதைத்தான். மரக்கறித் தோட்டங்களின் உரம் மணல் வழியே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வைத்த லீட்டருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரம் இறங்குகிற வழியில் சவர்க்காரத் தண்ணியும், பிள்ளை கழுவின தண்ணியும் இறங்கும்தானே? அதே கிணற்றுத் தண்ணியில்தான் பால்மா கரைக்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். வேஸ்ட் என்பது தொட்டியின் அடி ஓட்டையில் இறக்கும், தலை அகன்ற குழாய்த் துண்டு. குளிக்கும் தொட்டிக்கு ஒன்றரை அங்குலம், கை கழுவும் பேசினுக்கு ஒன்றேகால். உப்புக் காற்றில் இரும்பு நட் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் வாங்குங்கள்.

ஓட்டையைச் சுற்றியுள்ள பழைய பசை, கிணற்றுத் தண்ணி படியவைத்த வெள்ளைச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் சிலிக்கன் சரியாக ஒட்டாது. பாதி வேலை இதுதான், ஆனால் ஆட்கள் அவசரப்படுவதும் இதிலேதான். சிமெந்துத் தொட்டியென்றால் அடியில் வொஷர் உட்காரும் இடத்தையும் சிமெந்து பூசி மட்டமாக்கி இறுகவிட வேணும்.

வேஸ்டின் தலைக்குக் கீழே சிலிக்கனைக் கயிறு போலச் சுற்றி வைத்து ஓட்டையில் இறக்கி அமுக்குங்கள். அடியிலிருந்து முதலில் ரப்பர் வொஷர், பிறகு பிளாஸ்டிக் வொஷர், கடைசியில் நட். வரிசை மாறினால் நட் திரும்பும்போது ரப்பரையும் முறுக்கி இழுத்துவிடும். மேலே ஒருவர் வேஸ்ட் சுற்றாமல் பிடிக்க, கீழே ஒருவர் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால் பிளாஸ்டிக் வெடிக்கும். பிதுங்கிய பசையைத் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணி படாமல் விடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற எண்ணெய்ப் புட்டி பிளாஸ்டிக் தொட்டிக்கு ஆகாது.

மறுநாள் மூடியைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து நட்டைச் சுற்றிப் பத்திரிகைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். கடதாசி நனையவே கூடாது. மூடியைத் திறந்து தண்ணி ஓடும்போதும் இன்னொருமுறை பார்க்கணும். மூடி போட்டிருக்கையில் தண்ணி தலைப்பக்கத்தை மட்டும்தான் சோதிக்கும், திறந்தால்தான் உள்பக்கத்துக் கசிவு தெரியும். மணலில் தொட்டி வைக்கிறவர்கள் கை நுழையும் உயரத்துக்குக் கல் கொடுத்து வையுங்கள்.

பிறகு வளைவுக் குழாய். அதில் நிற்கும் தண்ணி நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கும். அங்கிருந்து பீ.வீ.சீ. குழாயில், கிணற்றிலிருந்து 50, 60 அடியாவது தள்ளி, வாழைப் பாத்திக்கு விடலாம். எந்தப் பக்கம் விடுவது என்று பொதுச் சுகாதார பரிசோதகரைக் கேட்ட பிறகே குழாயைப் புதையுங்கள்.