புற்றுநோயாளரின் நோவைத் தணித்தல்

மாணவர்களே, தொற்றா நோய்கள் பற்றிப் படிக்கும்போது புற்றுநோயின் காரணிகளையும் தடுக்கும் வழிகளையும் மனனம் செய்துவிடுகிறீர்கள். நோயாளி படும் நோவைப் பற்றி எழுதச் சொன்னால் பலர் இரண்டு வரியுடன் நிறுத்திக்கொள்கின்றனர்.

கட்டி வளர்ந்து நரம்பை அழுத்துவதாலும் நோய் என்புக்குப் பரவுவதாலும் நோவு ஏற்படும். சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை என்பவற்றாலும் ஏற்படலாம். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. நோவை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. “நோவே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. இப்போது எத்தனை?” என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று நோவை மறைக்கும் பெரியவர்களும் உள்ளனர். அவர்கள் உறங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகளைக் காட்டியது. மெல்லிய நோவுக்குப் பரசிற்றமோல் (வீட்டில் பனடோல் என்போம்) போன்றவை, அடுத்து கொடேயின், கடும் நோவுக்கு மோபின். 2018இல் வெளியான வழிகாட்டலின்படி, ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நோவு கடுமையாயின் தொடக்கத்திலேயே மோபின் கொடுக்கலாம்.

மாதிரி வினா: அம்மம்மாவுக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒரு முறை மோபின் கொடுக்குமாறு வைத்தியர் கூறியுள்ளார். “இப்போது நோவில்லை, பிறகு பார்ப்போம்” என்று அவர் ஒரு வேளை மருந்தைத் தவிர்க்கிறார். இது சரியா? காரணம் தருக.

விடை: சரியன்று. சாதாரண மோபினின் பயன் ஏறத்தாழ 4 மணித்தியாலமே நீடிக்கும். பின்னர் குருதியில் மருந்தின் அளவு குறைய, நோவு திரும்பும். அப்போது விழுங்கும் மருந்து வேலை செய்யச் சற்று நேரமாகும். அதுவரை அவர் துடிக்க நேரிடும். நோவில்லாமல் இருப்பதே முன்னைய வேளை மருந்தினால்தான். ஆகவே கடிகாரத்தைப் பார்த்தே மருந்து கொடுக்க வேண்டும். (“சரியன்று” என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது.)

மோபின் என்றதும் “அடிமையாகிவிடுவார்”, “கடைசிக் கட்டம் வந்துவிட்டது” என வீட்டில் பயப்படுவதுண்டு. இந்தப் பயத்தால்தான் பலர் வீணாக நோவைத் தாங்குகின்றனர். வைத்தியரின் மேற்பார்வையில் நோவுக்காக எடுப்பவர் அடிமையாவது அரிது. நோயின் கட்டத்தைப் பார்த்தல்ல, நோவின் கடுமையைப் பார்த்தே இம்மருந்து வழங்கப்படுகிறது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்தே வைத்தியர் மருந்து தருவார். முதல் சில நாட்களில் தூக்கக்கலக்கம் இருக்கலாம். எழுப்பியும் எழும்பாவிட்டால், அல்லது மூச்சு மிக மெதுவானால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருந்தைச் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.