பயர்பாக்ஸ் இலவசம், பெயர் இலவசமா?

2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 லினக்ஸை இன்ஸ்டால் செய்தவர்கள் பயர்பாக்ஸ் பிரவுசரைத் தேடிக் குழம்பியிருப்பார்கள். அதே மெனுக்கள், அதே டேப்களுடன் ஐஸ்வீசல் என்ற பிரவுசர்தான் அதில் இருந்தது. அதுவும் பயர்பாக்ஸ்தான், பெயர் மட்டும் வேறு. யாரும் மாற்றி அமைக்கக் கூடிய ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு ஏன் இந்த மாறுவேடம்?

காரணம் டிரேட் மார்க். பயர்பாக்ஸின் சோர்ஸ் கோடை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் அந்தப் பெயரும் நரி லோகோவும் மோஸில்லாவுக்குச் சொந்தம். லோகோவின் காப்பிரைட் நிபந்தனைகள் டெபியனின் விதிகளுக்கு ஒத்து வராததால், அவர்கள் லோகோவை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தார்கள். பெயர் வேண்டுமானால் லோகோவும் இருக்க வேண்டும், செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும் என்று 2006ல் மோஸில்லா சொன்னது. டெபியன் பெயரையே மாற்றிவிட்டது. தண்டர்பேர்டு மெயில் புரோகிராமும் ஐஸ்டவ் ஆனது.

மோஸில்லாவும் இதே அடியை வாங்கியதுதான். 2002ல் இந்தப் பிரவுசரின் பெயர் பீனிக்ஸ். பயாஸ் தயாரிக்கும் பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சிக்கல் வந்ததால் (பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது திரையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்) 2003ல் அது பயர்பேர்டு ஆனது. அதே பெயரில் ஒரு டேட்டாபேஸ் இருந்தது. அவர்களும் எதிர்க்கவே, 2004 பிப்ரவரியில் பயர்பாக்ஸ் என்று மாற்றினார்கள்.

நண்பர்களிடம் இவ்வளவு கறார் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. 2013ல் நடந்ததைப் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக் கொண்டேன். பின்ஃபிஷர் என்ற உளவு சாப்ட்வேர் பயர்பாக்ஸ் போல வேடமிட்டிருப்பதைக் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பைலின் பிராப்பர்ட்டீஸில் பயர்பாக்ஸ் பெயரும் வெர்ஷன் எண்ணும் அப்படியே இருந்தன. அதைத் தயாரித்த காமா இன்டர்நேஷனல் நிறுவனத்திற்கு மோஸில்லா, டிரேட் மார்க் உரிமையைக் காட்டி, இதை நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியது. பெயர் யாருடையது என்பது சட்டப்படி உறுதியாக இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

டெபியனுடன் இருந்த பிணக்கு 2016ல் தீர்ந்து, பயர்பாக்ஸ் தன் சொந்தப் பெயரில் அங்கே திரும்பியது.

சரி, விண்டோஸில் நீங்கள் டவுன்லோடு செய்த பயர்பாக்ஸ் அசலா? செட்டப் பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். டீட்டெய்ல்ஸ் டேபில் உள்ளதை நம்ப வேண்டாம், அதை யாரும் எழுதிவிடலாம். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபைத் திறந்து, பட்டியலில் உள்ள பெயரைத் தேர்வு செய்து டீட்டெய்ல்ஸ் பட்டனை அழுத்துங்கள். கையெழுத்து சரியானது என்ற தகவலுடன் மோஸில்லா கார்ப்பரேஷன் பெயர் தெரிய வேண்டும். அந்த டேபே இல்லையென்றால் பைலை அழித்துவிட்டு, மோஸில்லாவின் தளத்திலிருந்து மீண்டும் டவுன்லோடு செய்யுங்கள்.