யமுனை வெள்ளமும் அலைச் சமன்பாடும்

வெள்ளம் வரும் முன் எச்சரிக்கை வர வேண்டும். அந்த எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முந்தி வருகிறது என்பதைப் பொறுத்தே உயிர்களும் உடைமைகளும் காக்கப்படுகின்றன. நம் நாட்டில் விஞ்ஞான முறையிலான வெள்ள முன்னறிவிப்பு 1958-ஆம் ஆண்டில் டில்லியில்தான் தொடங்கியது. யமுனை நதியின் நீர்மட்டத்தைப் பழைய ரயில் பாலத்தருகே முன்கூட்டியே கணித்துச் சொல்வதற்காக மத்திய நீர்வள அமைப்பு அவ்வாண்டில் ஒரு பிரிவை நிறுவியது. அன்று சிறிய அளவில் தொடங்கிய பணி, இன்று நாட்டின் முக்கிய நதிகள் அனைத்தையும் தழுவி நிற்கிறது.

இப்பணியின் அடிப்படையில் இருப்பது ஒரு கணிதப் பிரச்சினை. ஆற்றில் இறங்கி வரும் வெள்ளம் ஓர் அலை; அதுவும் நேரியல் அல்லாத அலை. அதன் சமன்பாட்டுக்குத் துல்லியமான பகுமுறைத் தீர்வு காண முடியுமா? முடிந்தால், நிர்வாகத்துக்கு அதனால் என்ன பயன்? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நேரியல் அலையும் நேரியல் அல்லாத அலையும்

வீணைத் தந்தியை மெதுவாக மீட்டினால் எழும் அலை நேரியல் அலை. அதன் வேகம் அலையின் உயரத்தைச் சார்ந்ததன்று. இரண்டு அலைகள் சந்தித்தால் அவற்றின் உயரங்கள் கூடும். பின்னர் அவை தத்தம் வழியே செல்லும். எனவே சிக்கலான அலையை எளிய அலைகளாகப் பிரித்து, தனித்தனியே தீர்வு கண்டு, மீண்டும் கூட்டிக்கொள்ளலாம்.

நேரியல் அல்லாத அலையில் இந்த வசதி இல்லை. அலையின் உயரமே அதன் வேகத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் மூன்றாவது தீர்வு கிடைப்பதில்லை. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அதற்கேற்ற வழியைத் தேட வேண்டியுள்ளது. துல்லியத் தீர்வுகள் அரிதாக இருப்பதற்கும், கிடைத்தவை போற்றப்படுவதற்கும் காரணம் இதுவே.

வெள்ளத்தின் சமன்பாடு

ஆற்று நீரோட்டத்தின் முழுமையான சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனன்ட் 1871-இல் வகுத்தார். நீண்ட ஆற்றில் வெள்ளம் இறங்குவதை விளக்க அவற்றின் சுருக்கமான வடிவமே பெரும்பாலும் போதும் என்பதை லைட்ஹில், விதம் என்ற இரு பிரிட்டிஷ் கணித அறிஞர்கள் 1955-இல் விளக்கினர். நெரிசல் மிகுந்த சாலைகளில் வாகனங்களின் ஓட்டத்தையும் இதே சமன்பாட்டால் விவரிக்கலாம் என்று அதே ஆண்டில் அவர்கள் மற்றொரு கட்டுரையில் காட்டினர்.

இச்சுருக்க வடிவத்துக்கு இரண்டு கூற்றுகளே ஆதாரம். முதலாவது, நீர் அழிவதில்லை: ஓர் இடத்தில் ஆழம் கூடினால், உள்ளே வந்த நீர் வெளியே சென்ற நீரைவிட அதிகம் என்பது பொருள். இரண்டாவது, ஆழத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு. அயர்லாந்துப் பொறியாளர் மானிங் வகுத்த விதிப்படி, அகன்ற ஆற்றில் நீரின் வேகம் ஆழத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு விகிதசமமாகும். ஆகவே ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு விநாடியில் செல்லும் நீரின் அளவு, ஆழத்தின் மூன்றில் ஐந்து அடுக்குக்கு விகிதசமமாகிறது.

இவ்விரண்டையும் சேர்த்து வகையிட்டால் முக்கியமான முடிவொன்று கிடைக்கிறது. வெள்ள அலையின் வேகமும் நீரின் வேகமும் ஒன்றல்ல. அலையின் வேகம் நீரின் வேகத்தைப்போல் மூன்றில் ஐந்து மடங்கு, அதாவது சுமார் 1.67 மடங்கு. அலையின் வேகம் நீரின் வேகத்தை விஞ்சும் என்ற உண்மையை அமெரிக்கப் பொறியாளர் செடன், அந்நாட்டின் பெருநதிகளில் கண்ட அளவீடுகளைக் கொண்டு 1900-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை எளிதாக்க ஒரு கற்பனை ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் 3 மீட்டர். நீரின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர், அணையிலிருந்து நகரம் 216 கிலோமீட்டர். ஆற்றில் மிதக்கும் மரக்கட்டை ஒன்று நகரை அடைய 50 மணி நேரமாகும். அலையின் வேகமோ விநாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டர். எனவே நீர்மட்டம் உயர்ந்த செய்தி 30 மணி நேரத்திலேயே நகரை எட்டிவிடும். நீரின் வேகத்தைக் கொண்டு எச்சரிக்கை விடுத்தால் 20 மணி நேரத்தை இழந்துவிடுவோம்.

இனி ஆழம் 6 மீட்டராக உயர்ந்தால் என்ன நேரும்? நீரின் வேகம் 1.9 மீட்டராகவும், அலையின் வேகம் சுமார் 3.17 மீட்டராகவும் உயரும். அந்த ஆழம் நகரை அடையச் சுமார் 19 மணி நேரமே பிடிக்கும். ஆழமான பகுதி, தனக்கு முன்னே செல்லும் ஆழங்குறைந்த பகுதியைத் துரத்திப் பிடிக்கிறது. வெள்ளத்தின் முகப்பு செல்லச் செல்லச் செங்குத்தாகிறது. நேரியல் சமன்பாட்டில் இத்தகைய நிகழ்ச்சிக்கு இடமில்லை.

துல்லியத் தீர்வு காணும் முறை

இச்சமன்பாட்டைத் தீர்க்கும் முறைக்குச் சிறப்பியல்புக் கோடுகளின் முறை என்று பெயர். இடத்தைக் கிடை அச்சிலும் காலத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்து ஒரு வரைபடம் வரைவோம். தொடக்கத்தில் ஒவ்வோரிடத்திலும் உள்ள ஆழம், தனக்குரிய மாறாத வேகத்தில் நகர்கிறது. எனவே வரைபடத்தில் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு நேர்கோடு கிடைக்கிறது. ஏதேனும் ஓரிடத்தில் ஏதேனும் ஒரு காலத்தில் உள்ள ஆழத்தை அறிய, அப்புள்ளி வழியே செல்லும் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்து, அது தொடங்கிய இடத்தின் ஆழத்தைப் படித்தால் போதும். இது தோராயமன்று, சமன்பாட்டின் துல்லியத் தீர்வே ஆகும்.

வேகமான கோடு மெதுவான கோட்டை வெட்டும் இடத்தில் ஒரே புள்ளிக்கு இரண்டு ஆழங்கள் கிடைக்கின்றன. இது இயற்கையில் இயலாது. அங்கே அதிர்ச்சி முகப்பு உருவாகிறது. அதன் வேகத்தையும் நீர் அழியாமை விதியே தருகிறது: முகப்பின் இருபுறமும் உள்ள ஓட்டங்களின் வித்தியாசத்தை ஆழங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில், மீட்டர் அகலத்துக்கு ஓட்டம் ஒருபுறம் விநாடிக்கு 3.6 கன மீட்டர்; மறுபுறம் 11.43 கன மீட்டர். வித்தியாசம் 7.83. அதை 3 மீட்டரால் வகுத்தால் விநாடிக்கு 2.61 மீட்டர் கிடைக்கும். இந்த முகப்பு 23 மணி நேரத்தில் நகரை அடையும். 30 மணி என்பதும் தவறு. 19 மணி என்பதும் தவறு. இவ்விடையைக் கணிப்பொறி இன்றி, ஒரு தாளில் கண்டுகொள்ளலாம்.

தீர்வுகளின் வரலாறு

உண்மையான முகப்பு கத்திமுனைபோல் கூர்மையாக இருப்பதில்லை. உராய்வும் விரவலும் அதைச் சற்றே மழுங்கச் செய்கின்றன. இவ்விளைவைச் சேர்க்கும் மிக எளிய சமன்பாடு பர்கர்ஸ் சமன்பாடு. ஹாப் 1950-இலும், கோல் 1951-இலும் தனித்தனியே வெளியிட்ட உருமாற்றம் ஒன்று, இந்த நேரியல் அல்லாத சமன்பாட்டை வெப்பம் பரவுவதற்கான நேரியல் சமன்பாடாகவே மாற்றிவிடுகிறது. கடினமான பூட்டுக்கு முன்பே கையிலிருந்த சாவி பொருந்தியது போன்ற நிகழ்ச்சி இது.

மற்றொரு வகை அலையில், செங்குத்தாகும் போக்கை அலைப்பிரிகை எதிர்த்து நிற்கிறது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரஸ்ஸல் 1834-இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில், வடிவம் மாறாமல் நெடுந்தொலைவு சென்ற ஒற்றை நீர்மேட்டைக் குதிரைமீது பின்தொடர்ந்து கண்டார். அதற்குரிய சமன்பாட்டைக் கோர்ட்டவெக், டி விரீஸ் என்ற டச்சு அறிஞர்கள் 1895-இல் அளித்தனர். அலை தன் வடிவம் மாறாமல் நகர்கிறது என்று கொண்டால், இடமும் காலமும் ஒரே மாறியாக இணைகின்றன. பகுதி வகைக்கெழுச் சமன்பாடு சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகச் சுருங்குகிறது. மும்முறை தொகையிட்டால் அலையின் வடிவம் முழுமையாகக் கிடைத்துவிடும். உயரமான தனி அலை வேகமாகச் செல்லும், குறுகியதாகவும் இருக்கும். உயரம் நான்கு மடங்கானால் அகலம் பாதியாகும்.

இத்தகைய இரு அலைகள் மோதிய பின்னரும் தம் வடிவத்தை இழப்பதில்லை என்பதை ஜபுஸ்கி, கிரஸ்கல் ஆகியோர் 1965-இல் கணிப்பொறி மூலம் கண்டு, அவற்றுக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டனர். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதற்கான துல்லியத் தீர்வு முறை 1967-இல் வெளிவந்தது. முதலில் கணிப்பொறி கேள்வியை எழுப்பியது; பின்னர் பகுமுறைக் கணிதம் விடையளித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இதுவே சான்று.

இத்துறையில் நம்மவரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1940 முதல் டில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் கற்பித்து, பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையை வளர்த்த பேராசிரியர் பி.எல். பட்நாகர், நேரியல் அல்லாத அலைகள் குறித்து எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1979-இல் வெளியாயிற்று. காந்தப் பொருள்களின் சுழற்சி இயக்கத்தை விவரிக்கும் சமன்பாடு, துல்லியமாகத் தீர்க்கத்தக்க மற்றொரு நேரியல் அல்லாத சமன்பாட்டுக்குச் சமமானது என்று தமிழகத்துப் பேராசிரியர் மு. லட்சுமணன் 1977-இல் நிறுவினார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய ஆய்வு மரபு உலக அளவில் அறியப்பட்டதாகும்.

டில்லி கற்ற பாடம்

2019 ஆகஸ்டில் ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து உச்ச அளவாக விநாடிக்குச் சுமார் 8.28 லட்சம் கன அடி நீர் வெளியேறியது. டில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டரை எட்டியது. 2023 ஜூலையில் உச்ச வெளியேற்றம் சுமார் 3.59 லட்சம் கன அடியே. ஆயினும் ஜூலை 13 அன்று டில்லி நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் பதிவான 207.49 மீட்டர் என்ற உச்சமும் முறியடிக்கப்பட்டது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. செங்கோட்டையின் மதில்வரை நீர் வந்தது. தாழ்நிலங்களில் குடிசையமைத்து வாழ்ந்தோரும், காய்கறி பயிரிட்டோரும் ஆயிரக்கணக்கில் மேம்பாலங்களின் அடியில் தஞ்சம் புகுந்தனர்.

பாதிக்கும் குறைவான உச்ச ஓட்டம், இரண்டு மீட்டர் கூடுதலான மட்டம்! இதற்கு முழு விளக்கம் தர எளிய சமன்பாடு போதாது. எனினும் எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. மானிங் விதியின்படி, குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஆற்றின் அகலம் பாதியானால் ஆழம் 1.52 மடங்காகிறது. ஆறு மீட்டர் ஆழம் ஒன்பது மீட்டரைத் தாண்டுகிறது. அதோடு அலையின் வேகமும் 1.32 மடங்காகிறது. அதாவது வெள்ளச் சமவெளியை நெருக்கினால் மட்டமும் உயரும். தப்பிச் செல்லும் நேரமும் குறையும். உராய்வு ஒன்றரை மடங்கானால், ஓட்டம் மாறாமலே ஆழம் 1.28 மடங்காகும்.

2023-இல் ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து, வண்டல் படிந்து திறக்க இயலாமல் நின்றன. வெள்ளச் சமவெளியில் எழுந்த கட்டுமானங்களும் ஆற்றுப்படுகை மேடிட்டதும் அப்போது விவாதிக்கப்பட்டன. மேலும், உச்ச ஓட்டம் எவ்வளவு என்பதுடன், அது எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதும் முக்கியம். குறுகிய நேர உச்சம் வழியிலேயே பரந்து தணியும். நீடித்த ஓட்டம் தணிவதில்லை.

துல்லியத் தீர்வின் பயனும் எல்லையும்

துல்லியத் தீர்வுக்கு எல்லைகள் உண்டு. மேலே கண்ட சுருக்கச் சமன்பாட்டில் அலை கீழ்நோக்கி மட்டுமே செல்லும். பாலத்தாலும் தடுப்பணையாலும் நீர் பின்னோக்கித் தேங்குவதை அது அறியாது. அதற்குச் செயின்ட் வெனன்ட் சமன்பாடுகளை முழுமையாகக் கணிப்பொறியில் தீர்க்க வேண்டும். உண்மையான நதியின் வளைவுகளுக்கும் மேடு பள்ளங்களுக்கும் வேறு வழியில்லை.

அப்படியானால் துல்லியத் தீர்வு எதற்கு? கடைத்தெருவில் தராசுகளைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் எதற்கோ, அதற்கே. புதிய கணிப்பொறி மாதிரி ஒன்றை ஏற்பதற்கு முன், விடை தெரிந்த கணக்கை அதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முகப்பு 23 மணி நேரத்தில் வர வேண்டிய கணக்கில் 27 மணி என்று மாதிரி கூறினால், அதை நம்பி ஒரு கிராமத்தை உறங்கவிட முடியாது. இரண்டாவதாக, கணிப்பொறி ஒரு நிலைமைக்கு ஓர் எண்ணைத் தருகிறது. சூத்திரமோ எந்தக் காரணி எவ்வளவு மாறினால் விளைவு எவ்வளவு மாறும் என்பதை ஒரே பார்வையில் உணர்த்துகிறது. திட்டமிடுவோருக்கு வேண்டியது பெரும்பாலும் இதுவே.

மாணவர்கள் மேற்கண்ட கணக்கைத் தம் ஊர் ஆற்றின் ஆழத்தையும் வேகத்தையும் கொண்டு செய்து பார்க்கலாம். வெள்ளப் பணியில் ஈடுபடும் அலுவலர்கள், அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கப்பட்டது என்ற எண்ணோடு நின்றுவிடாமல், மூன்று விவரங்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: அவ்வோட்டம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, வழியில் ஆற்றின் அகலம் இன்று எவ்வளவு, கீழே எல்லா மதகுகளும் திறக்கின்றனவா. இவற்றுள் கடைசி இரண்டுக்கும் உரிய விடையை மழைக்காலத்தில் தேடிப் பயனில்லை. கோடையிலேயே கண்டு, குறை இருப்பின் சீர்செய்து முடிக்க வேண்டும்.